மாநாடு முடிந்த மறுநாள்

"படிக்கிற வயதில் மாநாடு எதற்கு? நீதியைப் பற்றிப் பேசப் பெரியவர்கள் இல்லையா?" வீட்டில் எழுகின்ற கேள்வி இது. வகுப்பறையில், ஆசிரியர்களாகிய நம் வாயிலிருந்தே வருகின்ற கேள்வியும் இதுதான். விடை காணுமுன் வரலாற்றின் ஓர் ஏட்டைப் புரட்டுவோம், தோழர்களே!

அமெரிக்காவின் தென்பகுதியில் கிரீன்ஸ்பரோ நகரம். 1960 பிப்ரவரி 1. கறுப்பின மாணவர் நால்வர் ஊல்வொர்த் கடையில் சில பொருள்கள் வாங்கினர். காசு கொடுத்தனர், கடை வாங்கிக்கொண்டது. பின்னர் அதே கடையின் சிற்றுண்டி மேசையில் அமர்ந்து காப்பி கேட்டனர். மறுக்கப்பட்டது! காசுக்கு நிறமில்லை, கோப்பைக்கு மட்டும் நிறமுண்டு! நால்வரும் எழவில்லை. மறுநாள் மேலும் பலர் அமர்ந்தனர். சில வாரங்களில் ஊர்விட்டு ஊர், மாநிலம்விட்டு மாநிலம் பரவிற்று அந்த அறப்போர்.

ஏப்ரல் 15 முதல் 17 வரை, ராலி நகரின் ஷா பல்கலைக்கழகத்தில் அம்மாணவர்கள் மாநாடு கண்டனர். கூட்டியவர், 1927இல் அங்கேயே பட்டம் பெற்ற எல்லா பேக்கர் அம்மையார். மாணவரைத் தம் அமைப்பின் கிளையாக்கிட மூத்தோர் சிலர் விழைந்தனர். அம்மையார் இசைந்தாரில்லை. தம் வழியை மாணவரே வகுக்கட்டும் என்றார். இது வெறும் உணவுக்கான போர் அன்று, அதனினும் பெரிது என்று உணர்த்தினார்.

அனுபவம் முதியோரிடம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால், 'பொறு' என்று சொல்பவர் யார்? அந்தப் பொறுமைக்கு விலை கொடுப்பவர் யார்? இருவரும் ஒருவரல்லர் எனில், அந்த அறிவுரைக்கு அறத்தின் பெயர் பொருந்துமா?

போருக்கும் விலை உண்டு. அதே ஆண்டு, மாண்ட்கமரி நகர நீதிமன்றக் கட்டடத்துச் சிற்றுண்டிச்சாலையில் உணவு கேட்டுச் சென்ற மாணவருள் ஒன்பதின்மரை அலபாமா மாநிலக் கல்லூரி வெளியேற்றிற்று. நீதிமன்றத்து நிழலிலே அநீதி. அதைச் சுட்டியவர்க்குத் தண்டனை! விளக்கம் கேளாமல் இவ்வாறு வெளியேற்றல் தகாது என 1961இல் மேல்முறையீட்டு மன்றம் தீர்ப்பளித்தது.

இங்கேதான் நம் நெஞ்சு நம்மையே வினவுகிறது. மாணவரின் எதிர்காலம் பாழாகுமே என்று நாம் அஞ்சுவது பொய்யச்சம் அன்று. அவர்களை நெருப்பில் தள்ளிவிட்டு நாம் நிழலில் நிற்பதும் அறமன்று. எனினும், அறிந்தே விலைகொடுக்க முன்வந்தவனை 'ஒழுங்கு கெட்டவன்' என்று நாமும் ஒதுக்கினால், கற்பித்தது கல்வியா, கைகட்டலா? அவனை முன்னே தள்ளுவது நம் வேலையன்று. அவன் பக்கத்தில் நிற்பது நம் கடன்.

கிரீன்ஸ்பரோ மேசை 1960 ஜூலை 25இல் திறந்தது. முதலில் அமர்ந்து உண்டவர்கள், அக்கடையிலேயே பணியாற்றிய கறுப்பினத்தவர். அவர்கள் உழைத்த இடம். அன்றுவரை அமர முடியாத இடம்!

மாநாட்டின் வெற்றியை அளக்கக் கோல் வேறு தேவையில்லை. தீர்மானங்கள் எத்தனை, கைதட்டல் எவ்வளவு என எண்ண வேண்டா. பந்தலுக்குப் பின்னே அடுப்பருகில் நின்றவர், மறுநாள் எந்த இடத்தில் அமர்ந்து உண்டார்? அதைக் கேட்போம். அந்தக் கேள்விக்கு நாணாமல் விடை சொல்லக்கூடிய மாநாடே நீதி மாநாடு!