அடியார்க்குச் சோதனை ஏன்?

வேளச்சேரியில் யோக நிலையில் எழுந்தருளி அருள்பாலிக்கும் நரசிங்கப் பெருமாளைச் சேவிக்க வரும் அன்பர் பலர், நெஞ்சில் ஒரு வினாவைச் சுமந்தே வருகின்றனர். நாள்தோறும் திருநாமம் சொல்பவர்க்கும் நோய் வருகிறது. ஏகாதசி விரதம் தவறாதவர் இல்லத்திலும் இழவு நேர்கிறது. 2015 டிசம்பர் பெருமழையில் இவ்வூர்த் தெருக்களில் படகுகள் சென்றபோது, விளக்கேற்றிய வீடு, ஏற்றாத வீடு என்று வெள்ளம் பிரித்துப் பார்க்கவில்லை. காக்கும் கடவுளான எம்பெருமான் தன் அடியாரைத் துன்பத்தில் ஆழ்த்துவது ஏன்?

இவ்வினா எழும்போது முதலில் நினைவுக்கு வருபவன் பிரகலாதன். தூண் பிளந்தது அவன் சரிதத்தின் முடிவிலேதான். அதற்கு முன்னே நஞ்சும் நெருப்பும், பாம்பும் யானையும், மலையுச்சியினின்று தள்ளப்பட்டதும் ஒவ்வொன்றாக நேர்ந்தன. எம்பெருமான் அவற்றுள் ஒன்றையும் வாராமல் தடுக்கவில்லை. ஆயினும் ஒன்றிலும் குழந்தையைத் தனியே விடவில்லை. அங்கெல்லாம் மறைந்து உடனிருந்தவனே தூணிலே கண்காண வெளிப்பட்டான்.

“பிரகலாதன் ஊறின்றித் தப்பினான், எல்லார்க்கும் அவ்வாறு வாய்க்கிறதா?” என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. கூரத்தாழ்வானுக்கு அவ்வாறு வாய்க்கவில்லை. உடையவரைக் காக்கும் பொருட்டு அவர்தம் காஷாயத்தைத் தாம் உடுத்துச் சோழன் அவைக்குச் சென்ற அம்மகான் கண்களை இழந்தார்.

பின்னாளில் உடையவர் திருமுன்பு, யாரோ ஓர் அடியாரைக் குறித்துத் தாம் நினைத்த குறையே இதற்குக் காரணமாயிருக்கலாம் என்று ஆழ்வான் தம்மையே நொந்துகொண்டார். உடையவரோ அதனை ஏற்காமல், தம் வினையே ஆழ்வானுக்கு இத்துன்பத்தை விளைத்தது என்று உருகினார் எனக் குருபரம்பரை கூறும். இருவரும் பிறர்மேல் விரல் நீட்டவில்லை. ஆகவே துன்புறுபவரை நோக்கி, “இது உம் பாவத்தின் பயன்” என்று தீர்ப்புச் சொல்லுதல் நம் ஆசாரியர்கள் காட்டிய நெறியன்று.

காஞ்சியில் வரதனைத் துதித்த ஆழ்வான், தாம் கண்ணிழக்கக் காரணமான நாலூரானுக்கும் தம்மைப்போலவே நற்கதி வேண்டினார். பிரகலாதனும் அவ்வாறே. வரம் கேள் என்று நரசிங்கன் பணித்தபோது, பயன் கருதித் தொண்டு செய்பவன் வணிகனேயன்றி அடியானல்லன் என்று மறுத்தான்; பின்னர்த் தன்னைக் கொல்ல முயன்ற தந்தை தூய்மையடைய வேண்டும் என்று வேண்டினான்.

சோதனையின் பயன் இங்கே விளங்குகிறது. அடியாரின் உறுதியைச் சோதித்து அறிய வேண்டிய தேவை எல்லாம் அறிந்தவனுக்கு இல்லை. சந்தனக் கட்டையின் மணம் அரைக்கும்போது வெளிப்படுகிறது. மணத்தைக் கல் உண்டாக்கவில்லை. அதுபோல் எம்பெருமான் உள்ளே வைத்த கருணை, துன்பத்திலே பிறர்க்குப் பயன்படும்படி வெளிவருகிறது. வெள்ள நாள்களில் தம் வீடு மூழ்கியிருக்கவும் அடுத்த வீட்டுக் குழந்தைக்குப் பால் தேடிச் சென்ற கைகளில் அக்கருணையே விளங்கியது.

துன்பம் ஏன் வந்தது என்பதற்கு முழு விடையும் அவன் திருவுள்ளத்திலே உள்ளது. வந்த துன்பத்தில் பகையின்றி, அவன் திருவடியை விடாமல் நிற்பதே அடியார் செயத்தக்கது. அவ்வுறுதியை வேண்டி நிற்பார்க்கு நரசிங்கப் பெருமாள் திருவருள் பெருகுவதாக.