நந்தவனத் தொண்டும் யன்னலோரத்து ஓர்க்கிட்டும்



திருப்புகலூரில் வாழ்ந்த முருக நாயனார் விடியுமுன் எழுந்து நீராடி, மலர் கொய்து, மாலை தொடுத்து இறைவனுக்குச் சாத்தினார். பனி மூடிய கனடாவில் நமக்கு நந்தவனம் ஏது? யன்னலோரத்துப் பூச்சாடிதான்.

அடியேன் ஒருமுறை, கடைகளில் பரவலாக விற்கும் ஃபலெனொப்சிஸ் என்னும் ஓர்க்கிட் செடியை வாங்கி வந்தேன். அன்பு மிகுதியால் தினமும் நீர் ஊற்றினேன். வேர் அழுகிச் செடி பட்டுப்போயிற்று. பின்னர்தான் அறிந்தேன்: காட்டிலே அது மரக்கிளையைப் பற்றி வாழ்வது, அதன் வேருக்குக் காற்று வேண்டும். எனவே மண்ணில் அல்ல, மரப்பட்டைத் துண்டுகளில் நட வேண்டும். வேர் வெளிறி வெள்ளி நிறமானால் தாகம். பச்சையாக இருந்தால் நீர் வேண்டாம். பெரும்பாலும் வாரம் ஒருமுறை ஊற்றி, நன்கு வடியவிட்டால் போதும். கிழக்கு யன்னலின் இளவெயில் அதற்கு ஏற்றது.

பூ உதிர்ந்ததும் செடியைக் குப்பையில் இடுவோர் பலர். இலையுதிர்காலத்தில் சில வாரங்கள், இரவில் 16 பாகை செல்சியஸ் அளவான குளிர் பட்டால், அதே செடி மீண்டும் பூந்தண்டு விடும். மலர்ந்தால் இரண்டு மூன்று மாதம் நிற்கும்.

அடியார்களே, நம் பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். வகுப்புக்கு மேல் வகுப்பு என்று அன்பை ஊற்றி மூச்சுத் திணற வைக்கிறோமா? ஒரு பரீட்சையில் தவறினால், இனிப் பூக்காது என்று மனத்தால் ஒதுக்கிவிடுகிறோமா? வேரைப் பார்த்து நீர் ஊற்றுவோம், பொறுத்திருப்போம். பூக்கும் காலத்தை இறைவன் அறிவான்.

திருச்சிற்றம்பலம்.