காற்றில்லாத இடத்தில்

மதுரை சொக்கநாதர் சன்னிதியின் விமானத்துக்கு இந்திர விமானம் என்று பெயர். தேவலோகத்திலிருந்து வந்ததாகப் புராணம். வந்த விதத்தைப் பார்த்தவர் யாருமில்லை, கனத்தைப் பற்றிச் சிற்பியைக் கேள்வி கேட்க ஆளுமில்லை. இருந்தும் எட்டு யானைகள் தாங்குவதுபோல அமைத்தார்கள். வானத்திலிருந்து வந்தாலும் கனம் கனம்தானே!

டிவி தொடர்களின் விண்கப்பல்களில் நான் தேடுவது அந்தக் கனத்தை. துரு, கீறல், தகடு எல்லாம் இப்போ தத்ரூபமா வந்துடுது. ஆனா திரும்பும்போது ஜெட் விமானம் மாதிரி ஒருபக்கமா சாயுது. அங்கே ஏது காற்று? 1990-களில் வந்த ‘பாபிலோன் 5’ தொடரின் கிராபிக்ஸ் இன்று பொம்மை மாதிரிதான் தெரியும். அதிலிருந்த ஸ்டார்ஃப்யூரி மட்டும், போகிற திசையில் போய்க்கொண்டே, மூக்கைப் பின்னால் திருப்பிச் சுடும். நியூட்டனுக்குக் கட்டுப்பட்ட பொம்மை.

கதைதானே, கட்டுப்படாவிட்டால் யாருக்கு நஷ்டம்?

2019 செப்டம்பர் 7 அதிகாலை சந்திரயான்-2 இறங்கியபோது, இஸ்ரோ திரையில் ஒரு கோடும் ஒரு பச்சைப் புள்ளியும்தான். புள்ளி கோட்டைவிட்டு விலகி, நின்றது. அதைவிடச் சாதாரணமான கிராபிக்ஸ் கிடையாது. அதைப் பார்த்துத்தான் நாடே உறைந்தது.

விடிந்ததும் டீக்கடையில் ஒரு அண்ணன் கேட்டார், “ஏன்ப்பா, ஒரு பாராசூட் மாட்டி விட்டிருக்கலாம்ல?” நிலாவில் பாராசூட் விரியக் காற்று கிடையாது, எதிர்ப்பக்கம் எரித்து எரித்தே வேகத்தைக் குறைக்கணும். அவர் மேல தப்பில்ல. அவர் பார்த்த கப்பலெல்லாம் காற்றில்தான் பறந்திருக்கு.