பந்தும் பலனும்

கூடைப்பந்தாட்டம் ஒரு சமயக் கேள்வியிலிருந்து பிறந்த ஆட்டம். அதை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1861இல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பிறந்தவர். மொன்றியாலில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் படித்து, பிறகு பிரஸ்பிட்டேரியன் இறையியல் கல்லூரியில் போதகராவதற்குப் பயின்றார். அன்றைய பக்தர்கள் பலருக்கு மைதானம் பிசாசின் இடம். போதகராகப் போகிறவர் முரட்டுக் கால்பந்து ஆடுவதைக் கண்டு உடன் படித்தவர்கள் அவருடைய ஆன்மாவுக்காக ஜெபம் செய்தார்கள். ஒருநாள் ஆட்டத்தின் நடுவே அவருக்கு அருகில் நின்ற வீரர் ஆத்திரத்தில் கெட்ட வார்த்தைகளைக் கொட்டினார். உடனே நெய்ஸ்மித் பக்கம் திரும்பி, அவர் அங்கே நிற்பதை மறந்துவிட்டதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். நெய்ஸ்மித் அவரை ஒருபோதும் கண்டித்ததில்லை. ஒரு சொல்லும் சொல்லாமல், பக்கத்தில் நின்று ஆடியதாலேயே இன்னொருவருக்கு நாவை அடக்கத் தோன்றியதென்றால், பிரசங்க மேடைக்கு வெளியிலும் இறைபணி உண்டு என்று அவருக்குப் பட்டது. போதகர் வேலையைக் கைவிட்டு, அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். கலப்பையில் கை வைத்துவிட்டுத் திரும்பியவன் என்று அவருடைய ஒரே சகோதரி கடைசிவரை அவரை மன்னிக்கவில்லை.

1891 டிசம்பரில், குளிர்காலத்தில் உள்ளரங்கில் முடங்கிச் சலித்துப்போன 18 மாணவர்களுக்காக அவர் எழுதிய 13 விதிகளைப் படித்தால் அவருடைய இறையியல் தெரியும். பந்தைப் பிடித்தபடி ஓடக் கூடாது. ஓட முடியாதவனை மோதி வீழ்த்த வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. தோளால் இடிப்பது, பிடிப்பது, தள்ளுவது, இடறிவிடுவது எல்லாம் குற்றம். இலக்கு தரைமட்டத்தில் இருந்தால் பலமுள்ளவன் வேகமாக அடித்து வெல்வான் என்பதால், பீச் பழக் கூடைகளைப் பத்தடி உயரத்தில், மேல்மாடத்தின் விளிம்பில் அடித்து வைத்தார்கள். கிடைமட்டமாகத் திறந்திருக்கும் கூடைக்குள் பந்து விழ வேண்டுமென்றால் அதை வளைத்து, நிதானமாக, மென்மையாக எறிய வேண்டும். வன்முறை பயன்படாத ஓர் இடத்தை விதிகளாலேயே கட்டியெழுப்ப முடியும் என்று அவர் நம்பினார். இந்த வடிவமைப்பு, நன்மை பற்றி எழுதப்பட்ட பல நூல்களைவிடக் கூர்மையானது.

இதே எண்ணம் அப்போது வேறு இடங்களிலும் உலவியது. 1897இல் சென்னையில் பேசிய விவேகானந்தர், கீதையைப் படிப்பதைவிடக் கால்பந்து ஆடினால் இளைஞர்கள் சொர்க்கத்துக்கு இன்னும் அருகில் போவார்கள் என்ற பொருள்படச் சொன்னார். உடல் உறுதிப்பட்ட பிறகு கீதை இன்னும் நன்றாக விளங்கும் என்பது அவர் வாதம். ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். அது இன்று நந்தனத்தில் கல்லூரியாக இருக்கிறது. அங்கே பயின்ற உடற்கல்வி ஆசிரியர்கள் வழியாக இந்த ஆட்டம் தென்னிந்தியக் கல்லூரிகளில் வேரூன்றியது. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் மரபில் வந்த வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரிக்கும் கூடைப்பந்தாட்டத்துக்கும் நெடுங்கால உறவு உண்டு. மதமாற்றம் பற்றிய ஐயங்கள் ஒருபுறம் இருக்க, விளையாட்டு ஒழுக்கத்தைக் கற்பிக்கும் என்ற கொள்கையைத் தமிழர்கள் மறுப்பின்றி ஏற்றுக்கொண்டார்கள். கல்லூரி மலர்களிலும் பரிசளிப்பு விழா உரைகளிலும் அது இன்றுவரை திரும்பத் திரும்ப வருகிறது.

அது உண்மையா என்பதுதான் கேள்வி. ஆதரிப்போர் அரிஸ்டாட்டிலின் பக்கம் நிற்கிறார்கள்: நேர்மையான செயல்களைச் செய்து செய்தே ஒருவர் நேர்மையானவர் ஆகிறார், ஆட்டம் அந்தச் செயல்களுக்கு நாள்தோறும் வாய்ப்புத் தருகிறது. மறுப்போரிடம் வலுவான சான்று இருக்கிறது. ஹார்ட்ஷோர்ன், மே என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்து நடத்திய ஆய்வின் முதல் தொகுதி 1928இல் வந்தது. பரீட்சையில் ஏமாற்றாத பிள்ளை விளையாட்டில் ஏமாற்றியது. விளையாட்டில் நேர்மையாக இருந்த பிள்ளை வீட்டில் பொய் சொன்னது. ஓரிடத்து நேர்மை தானாகவே இன்னோர் இடத்துக்கு நகரவில்லை. அப்படியானால் அரங்குக்குள் பழகிய அடக்கம் அரங்கின் கதவோடு நின்றுவிடக்கூடும்.

இந்த இடத்தில் இந்தியச் சிந்தனை வேறொரு வழியைத் திறக்கிறது. பிரம்ம சூத்திரம் உலகப் படைப்பை விளையாட்டு என்கிறது. எல்லாம் நிறைந்த இறைவனுக்கு அடைய வேண்டிய பயன் எதுவும் இல்லை; ஆகவே அவன் செயலுக்கு விளையாட்டைத் தவிர வேறு பெயர் பொருந்தாது. சைவர்கள் ஐந்தொழிலைக் கூத்தாகக் கண்டதும் இந்த வழியில்தான். கீதை மனிதனிடம் கேட்பது இதற்குப் பக்கத்தில் இருக்கிறது: செயலில் முழு முனைப்பு, பலனில் பற்றின்மை. அன்றாட வாழ்க்கையில் இது கடினம், ஏனென்றால் அங்கே பலன் என்பது சோறும் கூரையும் பிள்ளையின் மருந்தும். விளையாட்டில் பலன் அற்பமானது. ஒரு பந்து வளையத்துக்குள் விழுவதால் உலகில் எதுவும் மாறுவதில்லை. அந்த அற்பமான பலனுக்காக மனிதன் மூச்சிரைக்க ஓடுகிறான், தோற்றால் எழுந்து கைகொடுக்கிறான். பலன் சிறியதாக இருப்பதால்தான் அங்கே பற்றின்மையைப் பழக முடிகிறது. இந்த வாதம் சரியென்றால் விளையாட்டின் அறம் முழுவதும் பலனின் அளவைப் பொறுத்தது. பலன் பெருத்தால் ஆட்டம் ஒழுக்கத்தைப் பழக்கும் இடமாக இருப்பதில்லை, ஒழுக்கத்துக்கு வைக்கும் சோதனையாகிவிடுகிறது.

அமெரிக்கப் பல்கலைக்கழக ஆடவர் கூடைப்பந்தாட்ட வரலாறு இதற்கு நீண்ட சாட்சி. 1898இல் கன்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போன நெய்ஸ்மித் அங்கே வழிபாட்டுக்கும் உடற்பயிற்சிக்கும் பொறுப்பேற்றார். அந்தப் பல்கலைக்கழக அணியின் பயிற்றுநர்களில் வென்ற ஆட்டங்களைவிடத் தோற்றவை அதிகமானவர் அவர் ஒருவரே. 55 வெற்றி, 60 தோல்வி. அது அவரை உறுத்தியதாகத் தெரியவில்லை. அவருடைய மாணவர் ஃபாக் ஆலன் பயிற்றுநர் பணியைத் தொழிலாக்கினார். ஆலனிடம் பயின்ற அடால்ஃப் ரப் கென்டக்கியில் வெற்றியையே வழிபாடாக்கினார். 1950இல் நியூயார்க் நகரக் கல்லூரி ஒரே பருவத்தில் நாட்டின் இரு பெரும் கோப்பைகளையும் வென்றது. மறு ஆண்டே அதன் வீரர்கள் சூதாடிகளிடம் பணம் வாங்கிப் புள்ளி வித்தியாசத்தைக் குறைத்து ஆடியதற்காகக் கைதானார்கள். விசாரணை முடிவில் 7 கல்லூரிகளின் 32 வீரர்கள் சிக்கினார்கள். தன் பிள்ளைகளைச் சூதாடிகள் நெருங்கவே முடியாது என்று ரப் மார்தட்டிய சில மாதங்களில் அவருடைய பழைய மாணவர்களான அலெக்ஸ் குரோசாவும் ரால்ஃப் பியர்டும் பிடிபட்டார்கள். 1995இல் கலிபோர்னியாவின் யு.சி.எல்.ஏ. அணிக்குக் கோப்பை வென்று தந்த எட் ஓபானன், வீடியோ விளையாட்டில் தன் உருவத்தை வைத்துப் பிறர் பணம் பார்ப்பதை எதிர்த்து 2009இல் வழக்குப் போட்டார். 2025 முதல் பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தருகின்றன. இது நியாயமானதே, உழைப்பவனுக்குக் கூலி வேண்டும். ஆனால் ஒழுக்கம் கற்பிக்கிறோம் என்ற பழைய வாதத்தை அதன்மேல் சாத்த முடியாது. தமிழ்நாட்டிலும் கல்லூரி அணி என்பது வங்கி, ரயில்வே அணிகளில் வேலை பெறுவதற்கான வாசல். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அது பெரிய வரம். பலனற்ற ஆட்டம் என்று அதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

எனினும் அதே அமெரிக்காவில், அதே நெய்ஸ்மித்தின் வழியில், வேறொரு கிளையும் ஓடியது. ஜான் மெக்லெண்டன் 1930களில் கன்சாஸில் உடற்கல்வி படித்த கறுப்பின மாணவர். பல்கலைக்கழக அணியில் ஆட அவருக்கு இடமில்லை. அவரைத் தன் மாணவராக ஏற்று வழிகாட்டியவர் நெய்ஸ்மித். பின்னர் மெக்லெண்டன் வட கரோலினாவின் டர்ஹம் நகரில் நீக்ரோக் கல்லூரி என்று அன்று அழைக்கப்பட்ட கல்லூரிக்குப் பயிற்றுநரானார். அதே நகரில் டியூக் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவில் வெள்ளையர் மட்டுமே கொண்ட வலுவான அணி இருந்தது. இரண்டும் மோதுவதை மாநிலச் சட்டமும் வழக்கமும் அனுமதிக்கவில்லை. 1944 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை காலை, நகரமே தேவாலயத்தில் இருந்த நேரம் பார்த்து, டியூக் வீரர்கள் சுற்றுவழியில் காரோட்டி வந்து மேலங்கிகளால் முகத்தை மறைத்தபடி மெக்லெண்டன் கல்லூரியின் அரங்குக்குள் நுழைந்தார்கள். கதவுகள் பூட்டப்பட்டன. பார்வையாளர் இல்லை. 88க்கு 44 என்று மெக்லெண்டனின் அணி வென்றது. அதோடு முடியவில்லை. இளைப்பாறியபின் இரண்டு அணியினரும் கலந்து, வெள்ளையரும் கறுப்பரும் ஒரே பக்கத்தில் நின்று இன்னோர் ஆட்டம் ஆடினார்கள். விஷயம் அறிந்த ஒரு செய்தியாளர் எழுதுவதில்லை என்று வாக்குக் கொடுத்துக் காப்பாற்றினார். ஆடியவர்கள் முதியவர்களான பிறகு, 1996இல்தான் உலகம் இதை அறிந்தது.

பலன் பற்றிய வாதத்துக்கு இதைவிடத் தூய எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. கோப்பை இல்லை, செய்தி இல்லை, கைதட்டல் இல்லை. பிடிபட்டால் ஆபத்து மட்டும் உண்டு. மனிதரைச் சமமாகக் காணும் போதனை ஆலயத்துக்குள் வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அது நிறைவேறியது பூட்டிய அரங்குக்குள். ஆனால் இதை வைத்து ஆட்டம்தான் அவர்களை நல்லவர்களாக்கியது என்று சொல்லிவிடவும் முடியாது. அந்தத் துணிவு வீட்டிலிருந்தோ விசுவாசத்திலிருந்தோ வந்திருக்கலாம். ஆட்டம் அது வெளிப்பட ஓர் இடம் கொடுத்தது.

பழைய மாணவர்களிடம் பாதி விடை கிடைக்கிறது, ஏனென்றால் பலன் தீர்ந்தபின் மிஞ்சுவது அங்கேதான் தெரியும். வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 36 ஆண்டுகள் பயிற்றுநராக இருந்த டீன் ஸ்மித், கன்சாஸில் ஆலனிடம் ஆடியவர். பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர். மரண தண்டனையை வெளிப்படையாக எதிர்த்தவர். 2015 பிப்ரவரியில் அவர் இறந்த சில வாரங்களில், அவரிடம் ஆடிய ஏறத்தாழ 180 பேரின் வீடுகளுக்கு ஆளுக்கு 200 டாலர் காசோலை போய்ச் சேர்ந்தது. வெளியே போய் ஒருவேளை நன்றாகச் சாப்பிடுங்கள் என்பது உயிலில் அவர் விட்டுச்சென்ற செய்தி. மைக்கேல் ஜோர்டானுக்கும் அதே தொகை, பெஞ்சிலேயே உட்கார்ந்து நான்கு ஆண்டைக் கழித்தவருக்கும் அதே தொகை. பெரிய பலன்களின் நடுவே வாழ்ந்த ஒருவர் பலனைச் சமமாகவும் சிறியதாகவும் ஆக்கி விட்டுப்போனார்.

நோர்வே இந்தக் கேள்விக்கு அமைப்பு வழியாகவே வேறு விடை தேடியது. அங்கே பல்கலைக்கழகங்கள் வீரர்களை உதவித்தொகை கொடுத்துச் சேர்ப்பதில்லை. ஒஸ்லோவில் ஓ.எஸ்.ஐ., துரொண்ட்ஹைமில் 1910இல் தோன்றிய என்.டி.என்.யு.ஐ. போன்ற மாணவர் கழகங்கள்தாம் கூடைப்பந்தாட்ட அணிகளை நடத்துகின்றன. சந்தா கட்டுவது, அரங்கைத் திறப்பது, கணக்குப் பார்ப்பது எல்லாம் மாணவர்களே. பெரிய ஆட்டத்தை விரும்பியவர் கடல் தாண்டினார். ஒஸ்லோவில் பிறந்த தோர்கெய்ர் பிரின் டெக்சஸ் மாநிலப் பல்கலைக்கழகமொன்றில் ஆடி, 1989இல் லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸ் அணிக்காக மூன்று ஆட்டங்களில் களமிறங்கி, என்.பி.ஏ.வை எட்டிய முதல் நோர்வேஜியர் ஆனார். உள்நாட்டிலோ சிறுவர் விளையாட்டு விதிகள், 1987இல் ஏற்கப்பட்டு 2007இல் புதுப்பிக்கப்பட்டவை, 11 வயதை எட்டும் ஆண்டுக்கு முன் புள்ளிப்பட்டியலும் தரவரிசையும் கூடாது என்றன. பரிசு கொடுத்தால் எல்லாப் பிள்ளைக்கும் கொடுக்க வேண்டும். பலனைச் சட்டம் போட்டுச் சிறியதாக வைத்திருக்கும் முயற்சி இது. நோர்வேக்கு ஆரம்பத்தில் வந்த யாழ்ப்பாணத் தமிழர் பலர் சேர்ந்து படித்த மக்கள் உயர்பள்ளிகளும் பரீட்சையோ மதிப்பெண்ணோ இல்லாதவையே. பரீட்சையே கதி என்றிருந்த ஊரிலிருந்து வந்தவர்களுக்கு அது விசித்திரமாக இருந்திருக்கும்.

ஒஸ்லோவின் கிழக்கே, அல்னா வட்டாரத்தில் இருக்கும் புருசெத் இதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஏற்ற இடம். 1970களில் எழுந்த அடுக்குமாடிகள், 1978இல் வந்த சுரங்க ரயில், 1980, 1983, 1990 ஆண்டுகளில் பனி ஹாக்கியில் தேசியப் பட்டம் வென்ற கழகம். 1980இல் கட்டிய லுத்தரன் தேவாலயமும் 2011இல் திறந்த அகமதியர்களின் பைத்துன் நஸ்ர் பள்ளிவாசலும் அங்கே இருக்கின்றன. சற்றுத் தள்ளி அம்மெருத்தில் தமிழர்களின் சிவசுப்பிரமணியர் ஆலயம். இந்த மூன்று மரபுகளின் பிள்ளைகளும் ஒரே அரங்கில் பந்தாடுகிறார்கள்.

அந்த அரங்குகளின் பணத்தில்தான் சிக்கல் இருக்கிறது. நோர்வேயின் விளையாட்டு அரங்குகளுக்குப் பெரும் உதவி, 1946இல் தொடங்கிய நோர்ஸ்க் திப்பிங் என்ற அரசுச் சூதாட்ட நிறுவனத்தின் உபரியிலிருந்து வருகிறது. அந்த உபரியில் 64 விழுக்காடு விளையாட்டுக்கு. திருக்குறள் சூதுக்குத் தனி அதிகாரமே வைத்திருக்கிறது; தருமன் நாட்டையும் மனைவியையும் பணயம் வைத்த கதை தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். குர்ஆன் சூதாட்டத்தை மதுவோடு சேர்த்து விலக்குகிறது. போதகர் ஹான்ஸ் நீல்சன் ஹௌகேயின் வழியில் வந்த நோர்வேயின் பக்தர்கள் சீட்டுக்கட்டையே வீட்டில் வைக்க மாட்டார்கள். நியூயார்க் மாணவர்களைக் கெடுத்த அதே பந்தயப் பணம் இங்கே பிள்ளைகளுக்குத் தரையும் வளையமும் ஆகிறது.

அரசின் விடை நடைமுறை சார்ந்தது: மனிதர் எப்படியும் பந்தயம் கட்டுவார்கள், இலாபம் தனியார் பைக்குப் போவதைவிடப் பிள்ளைகளுக்குப் போகட்டும். ஆனால் பந்தயத்தில் அடிமையாகித் தோற்றவரின் வீட்டுப் பிள்ளையும் அந்த அரங்கில் ஆடலாம் என்பதை அது கணக்கில் எடுப்பதில்லை. இஸ்லாமியச் சட்ட அறிஞர் பலர் இதைவிட நுணுக்கமாகப் பார்த்திருக்கிறார்கள். தகாத வழியில் வந்த பணத்தை உரியவரிடம் திருப்ப முடியாவிட்டால் அதைப் பாலம், பாதை போன்ற பொதுப்பயனுக்குக் கொடுத்துவிடலாம். அந்தப் பாதையில் நடப்பவருக்குப் பாவமில்லை. கொடுத்தவர் அதற்காகப் புண்ணியத்தை எதிர்பார்க்கக் கூடாது. இந்த அளவுகோலின்படி புருசெத் பிள்ளைகள் தயக்கமின்றி ஆடலாம். அரங்கைக் கட்டிக் கொடுத்ததற்காக அரசும் பந்தய நிறுவனமும் தங்களை அறவோர் என்று சொல்லிக்கொள்வதற்குத்தான் இடமில்லை.