பொம்மையின் வாக்குமூலம்

அடிபட்டவன் கதறுகிறான், வழக்குமன்றம் ஏறுகிறான். ஏமாற்றப்பட்டவன் ஏடெடுத்து எழுதுகிறான். உரிமை இழந்தவன் ஊரைக் கூட்டி முழங்குகிறான். ஆனால், ஐந்து வயதுச் சிறுவன்? தாயும் தந்தையும் நாள்தோறும் சண்டையிடும் இல்லத்திலே மூலையில் முடங்கிக் கிடக்கிறானே, அவன் எந்த மன்றத்திலே முறையிடுவான்? எந்தச் சொல்லால் முறையிடுவான்?

"என்னடா உனக்கு? வாயைத் திறந்து சொல்!" என்கிறோம். வாய் இருக்கிறது அவனுக்கு, சொல்தான் இல்லை. இல்லாததைக் கேட்டு மிரட்டுவது நீதியா? மிரட்டலுக்கு அஞ்சி அவன் மௌனமானால், 'முரடன்', 'அழுத்தக்காரன்' என்று பட்டம் சூட்டுவது அறமா? பள்ளிக்கூடத்தில் பணியாற்றும் நான் அந்தப் பட்டமளிப்பு விழாவை அன்றாடம் காண்கிறேன்.

மார்கரெட் லோவன்பெல்ட் என்பவர் ஆங்கில நாட்டு மருத்துவ அம்மையார். முதல் உலகப் போருக்குப் பின் போலந்து சென்றார். போரும் டைபஸ் காய்ச்சலும் பாழாக்கிய மண்ணில் பணியாற்றினார். ஒரே துன்பத்தைக் கண்ட குழந்தைகளிலே சிலர் நொறுங்கிப் போவதேன், சிலர் நிமிர்ந்து நிற்பதேன் என்ற வினா அவர் உள்ளத்தைக் குடைந்தது. 1928-இல் இலண்டன் மாநகரில், மனம் நலிந்த குழந்தைகளுக்கென ஒரு மருத்துவ நிலையம் திறந்தார். அங்கே அவர் தந்த மருந்து என்ன தெரியுமா? ஒரு தட்டு நிறைய மணல், கொஞ்சம் தண்ணீர், ஒரு பெட்டி நிறையச் சிறு பொம்மைகள். மனிதர், விலங்கு, வீடு, வேலி, மரம், வண்டி! எச்.ஜி. வெல்ஸ் 1911-இல் தரை விளையாட்டுகளைப் பற்றி எழுதிய நூல்தான் அவருக்குத் தூண்டுகோல்.

குழந்தை வந்தது, மணலைக் குவித்தது, வீட்டை வைத்தது, வீட்டைச் சுற்றி வேலி, வேலிக்கு வெளியே புலி! சொல்ல முடியாத அச்சம் மணலிலே உருவம் பெற்று நின்றது. அந்த விளையாட்டுக்கு 'உலகம்' என்று பெயர் சூட்டியது மருத்துவரல்லர்; குழந்தைகளே!

பெயர் சூட்டியது யார் என்பது அற்பச் செய்தி அன்று. வழக்கே அங்கேதான் இருக்கிறது.

அதே இலண்டனில் மெலனி கிளைன் என்ற உளப்பகுப்பாய்வு அறிஞர் இருந்தார். குழந்தையின் விளையாட்டு அதன் உள்ளத்தின் மொழி என்று துணிந்து கூறியவர்களில் முன்வரிசையில் நிற்பவர். பேச்சே அரிதான நான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி 1930-இல் எழுதினார். இரண்டு இரயில் பொம்மைகளை அவனருகே வைத்தாராம். பெரியது அப்பா இரயில். சிறியது அச்சிறுவனின் இரயில் என்றாராம். சிறுவன் சிறிய இரயிலை உருட்டி, "நிலையம்" என்றானாம். நிலையம் என்பது அம்மாதான் என்று விளக்கினாராம்! சிறுவன் பின்னர் தேறிவந்தான் என்றும் அவரே எழுதினார்; அதை மறைப்பது நேர்மையாகாது. என்றாலும் கேட்கத் தோன்றுகிறதே: அப்பா என்று பெயரிட்டவன் அச்சிறுவனா? அவன் கண்ட நிலையம் வெறும் நிலையமாக இருக்க உரிமையே இல்லையா? பெரியவர் பொருள் உரைக்க, சிறியவர் தலையாட்ட வேண்டும் என்னும் பழைய ஏற்பாடு, அறிவியல் அங்கி அணிந்து வந்தால் மட்டும் புதுமையாகிவிடுமா?

அமெரிக்க அறிஞர் வர்ஜீனியா ஆக்சிலைன் வேறு வழி நடந்தார். 1947-இல் வெளிவந்த தம் நூலில் எட்டு நெறிகளை வகுத்தார். அவற்றின் சாரம் வியப்பூட்டும் அளவுக்கு எளிது: குழந்தையை உள்ளவாறே ஏற்றுக்கொள், முன்னே நடக்காதே, பின்தொடர், அவசரப்படுத்தாதே, தன் சிக்கலைத் தானே அவிழ்க்கும் ஆற்றல் அதற்கு உண்டு என்று நம்பு. களிமண் தம்பியைக் குத்திப் பிசைகிறாள் சிறுமி. "சீ! தம்பியை அடிக்கலாமா?" என்பதில்லை அங்கே. "தம்பிமேல் உனக்கு மிகுந்த கோபம்" என்று அவள் உணர்ச்சியை அவளிடமே திருப்பித் தருகிறார் மருத்துவர்.

'இது கொடுமையை வளர்ப்பதாகாதா?' என்று சீறுவோர் உண்டு. ஆகாது. களிமண்ணைக் குத்தலாம்; மருத்துவரைக் குத்தக்கூடாது. எல்லை உண்டு. எல்லை செயலுக்கு, உணர்ச்சிக்கு அன்று. உள்ளத்தில் எழுந்த கோபத்துக்கே தண்டனை விதிக்கும் சட்டம் பெரியவர்க்கு இல்லை. குழந்தைக்கு மட்டும் ஏன்?

பகுத்தறிவுத் தோழர்களோடும் எனக்கு இங்கே ஒரு வழக்குண்டு. இரவில் அலறும் பிள்ளைக்குத் தாயத்துக் கட்டுவோரை எள்ளி நகையாடுகிறோம், நியாயம். ஆனால் நாம் செய்வதென்ன? "பேயாவது, பிசாசாவது! அச்சம் மடமை!" என்று சொற்பொழிவு ஆற்றுகிறோம். பிள்ளை மறுநாளும் அலறுகிறது. அதன் அச்சம் வாதமன்று, எதிர்வாதத்தால் வீழ்த்துவதற்கு. தாயத்தும் அதன் பேச்சைக் கேட்கவில்லை. நம் தருக்கமும் கேட்கவில்லை. எதற்கு அஞ்சுகிறது என்று பொம்மையிடமாவது அது கூற இடம் தந்தோமா?

'சான்று எங்கே?' என்று கேட்பீர்கள், கேட்கத்தான் வேண்டும். 93 ஆய்வுகளைத் திரட்டி 2005-இல் வெளியிட்ட அமெரிக்கத் தொகுப்பாய்வொன்று, இம்முறை பெற்ற குழந்தைகள் பெறாதவரைவிட நன்கு தேறினர் என்று காட்டியது. அந்த ஆய்வுகளின் தரம்பற்றி ஐயம் எழுப்பியோரும் உண்டு. கண்கட்டு வித்தையன்று இது. எல்லா நோய்க்கும் ஒரே மருந்துமன்று.

இனி, தந்தை வந்து நிற்கிறார். "கட்டணம் கட்டுகிறேன்; என் பிள்ளை உள்ளே என்ன செய்தான், சொல்லுங்கள்!" குழந்தைக்கு ஆபத்து என்றறிந்தால் மருத்துவர் வாளாவிருத்தல் குற்றம், கூறியே ஆகவேண்டும். மற்றபடி, எந்தப் பொம்மையை அவன் புதைத்தான் என்பது அவன் செய்தி. பிள்ளை தேறி வருகிறான், வீட்டில் இன்னின்னவாறு நடந்துகொள்ளுங்கள் என்பதோடு நிறுத்துவதே முறை. நண்பனின் கடிதத்தைப் பிரித்துப் படிப்பவனைக் கயவன் என்கிறோம். மகனின் மணல்தட்டைத் துருவுவதை மட்டும் பாசம் என்கிறோம்.

தந்தையை வாயிலோடு திருப்பி அனுப்பிவிடுவதுமில்லை. கெர்னி இணையர் 1960-களில் அமெரிக்காவில் வகுத்த முறை ஒன்றில் பெற்றோரே பயிற்சி பெறுகின்றனர். வாரம் ஒருமுறை, அரைமணி நேரம், பிள்ளையோடு தரையில் அமர வேண்டும். பிள்ளை தலைவன், தந்தை தொண்டன். அறிவுரை கூடாது, கேள்வி கூடாது, கட்டளை கூடாது. முப்பதே நிமிடம்! மேடையில் மூன்று மணி நேரம் முழங்கவல்ல தந்தையர்க்கும் அது எளிதில் கைவராத கலையாம்.