'சொந்த நாடு' என்பது எது? கொள்ளைநோய்க் காலத்து வதிவோர் உரிமை குறித்து ஓர் அறவியல் நோக்கு

தாய்நாட்டை நீங்கித் தொழில், கல்வி, மணவுறவு முதலிய காரணங்களால் பிறநாட்டில் நெடுங்காலம் வாழ்வோரைக் குறிக்க ஆங்கிலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட சொற்கள் உள்ளன. உயர்பதவியில் இருப்பவர் ஒரு சொல்லாலும் உடலுழைப்பை நம்பி வந்தவர் வேறொரு சொல்லாலும் சுட்டப்படுகின்றனர். தமிழில் இவ்விருவரும் புலம்பெயர்ந்தோரே. பட்டினப்பாலை முதலாக வழங்கிவரும் இச்சொல்லாட்சி பெயர்ந்தவரின் தகுதியைப் பாராது, அவர் நிலம் பெயர்ந்த செய்தியை மட்டுமே கருதுகிறது. சொல்வளக் குறைவுபோலத் தோன்றும் இது ஒருவகையில் நற்பேறு எனலாம். 2020ஆம் ஆண்டில் கொரோனா கொள்ளைநோயினால் எல்லைகள் அடைக்கப்பட்டபோது, பல நாடுகளில் பேராசிரியரும் தொழிற்சாலைத் தொழிலாளரும் ஒரே வாயிலில் ஒரே காரணத்தால் நிறுத்தப்பட்டனர். அக்காரணம் அவர்தம் உடலில் இருந்த நோயன்று. கையில் இருந்த கடவுச்சீட்டு. ஒருவர் வாழும் நாடு அவர்க்குச் 'சொந்த நாடு' ஆகுமா, ஆகுமெனின் நோய்க்காலத்தில் அந்நாடு அவர்க்குச் செய்யக் கடமைப்பட்டது யாது என்னும் வினாவை ஜப்பானின் மீள்நுழைவுத் தடையை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

2019ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானில் வதிந்த வெளிநாட்டினர் ஏறத்தாழ 29 லட்சம் பேர். 2020 ஏப்ரல் 3 முதல் அமெரிக்கா, சீனா, பிரிட்டன், கொரியா உள்ளிட்ட 73 நாடுகளிலும் பகுதிகளிலும் இருந்து வரும் வெளிநாட்டினர் ஜப்பானுக்குள் நுழைவது தடுக்கப்பட்டது. மே மாத இறுதியில் இந்தியாவும் அப்பட்டியலில் சேர்க்கப்பட்டது. சுற்றுலாவுக்கு வருவோரைத் தடுப்பதில் வியப்பில்லை. அக்காலத்தில் பல நாடுகளும் செய்தது அதுவே. ஜப்பானின் ஆணை அதனோடு நிற்கவில்லை. அந்நாட்டில் வீடும் வேலையும் குடும்பமும் உடையவராய், வரி செலுத்துபவராய், மீள்நுழைவு அனுமதி பெற்றவராய் இருந்த வெளிநாட்டினரையும் அது உள்ளடக்கியது. தடைக்கு முன்னரே வெளிச்சென்றிருந்த நிரந்தர வதிவோர், ஜப்பானியரின் வாழ்க்கைத் துணைவர் போன்ற சில பிரிவினர்க்கே பொதுவான விலக்குக் கிடைத்தது. கொரிய வம்சாவளியினர் பெரும்பான்மையாக உள்ள 'சிறப்பு நிரந்தர வதிவோர்' தடைக்கு உட்படவில்லை. ஏனையோர், இருபது ஆண்டு அங்கு வாழ்ந்தவராயினும், தடை அறிவிக்கப்பட்ட பின் வெளியே சென்றால் திரும்புதல் அரிது. அதே காலத்தில், அதே நாட்டிலிருந்து, அதே விமானத்தில் வந்த ஜப்பானியக் குடிமகன் பரிசோதனைக்கும் 14 நாள் தனிமைக்கும் உட்பட்டுத் தன் வீடு சேர்ந்தான்.

இவ்வேற்றுமை ஏட்டளவில் சிறிதாகத் தோன்றலாம். வாழ்க்கையில் அது எங்கே உறுத்தியது என்பதைக் காண, தாய் தந்தையர் நோயுற்ற ஒருவரை எண்ணிப் பார்த்தல் போதும். டோக்கியோவில் வாழும் வெளிநாட்டினர் ஒருவருக்கு ஊரிலிருந்து தந்தை இறக்கும் நிலையில் உள்ளார் என்னும் செய்தி வருகிறது. செல்லலாம், எவரும் தடுக்கவில்லை. சென்றால் மனைவி மக்களிடமும் பணியிடத்துக்கும் எப்போது திரும்பலாம் என்பதற்கு உறுதி இல்லை. செல்லாவிட்டால் மகனாக ஆற்றவேண்டிய இறுதிக் கடனை இழக்கிறார். அவருடைய ஜப்பானிய அண்டை வீட்டாரின் தந்தை வெளிநாட்டில் இறக்க நேர்ந்தால் அவர் முன் இத்தேர்வு வைக்கப்படவில்லை. உற்றார் இறப்பு, கடும் நோய் முதலியன மனிதநேய அடிப்படையில் கருதப்படும் என்று ஜூன் மாதத்தில்தான் எடுத்துக்காட்டுகளோடு வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது. இறப்பு ஏப்ரலிலும் மே மாதத்திலும் காத்திருப்பதில்லை. மகனாக இருத்தல், வதிபவராக இருத்தல் என்னும் இரண்டனுள் ஒன்றை விடுக என ஒரு சாராரிடம் மட்டும் ஓர் அரசு கோருமாயின், அக்கோரிக்கைக்கு அது காரணம் காட்டக் கடமைப்பட்டுள்ளது.

நோய்த்தடுப்பு அக்காரணமாகுமா? ஆகாது என்பதற்கு நோய்த்தடுப்பின் வரலாறே சான்று. அட்ரியாட்டிக் கடற்கரையின் ரகூசா நகரம் (இன்றைய குரோவேஷியாவின் துப்ரோவ்னிக்) 1377ஆம் ஆண்டில் பிறப்பித்த ஆணை தனிமைப்படுத்தல் சட்டங்களில் மிகப் பழமையானதாகக் கருதப்படுகிறது. கொள்ளைநோய் பரவிய இடங்களிலிருந்து வருவோர் நகருக்குள் நுழையுமுன் ஒரு திங்கள் வெளியே தங்கியிருத்தல் வேண்டும் என்பது அதன் சாரம். அவ்வாணை உள்ளூராரையும் அயலாரையும் ஒருசேரக் கட்டுப்படுத்தியது என்பது இங்கு நோக்கத்தக்கது. ஒருவர் யார் என்று அது கேட்கவில்லை. எங்கிருந்து வருகிறார் என்று கேட்டது. அறுநூறு ஆண்டுகளுக்கு முன், நோய் பரவும் முறை அறியப்படாத காலத்தில், ஒரு வணிக நகரம் கேட்ட கேள்வி நோயின் இயல்புக்குப் பொருந்தியது. வைரஸின் மரபணுவையே படித்தறிந்த காலத்தில் கேட்கப்பட்ட கேள்வி பொருந்தவில்லை.

எனினும் தடையை ஆதரிப்போர்க்கு இதனினும் வலிய வாதம் ஒன்றுண்டு. குடிமகனுக்குத் திரும்ப வேறிடம் இல்லை. அவனைத் தன் நாடு மறுத்தால் உலகில் எந்நாடும் ஏற்கக் கடமைப்பட்டதன்று. வெளிநாட்டினருக்கோ அவரவர்க்கென ஒரு நாடு உண்டு. ஆகவே இடர்க்காலத்தில் ஒவ்வோர் அரசும் தன் குடிகளைக் காப்பதே நேர்மையான பங்கீடு என்பது அவ்வாதம். இதனை எளிதில் தள்ளிவிட இயலாது. குடியுரிமையை உரிமைகளைப் பெறுவதற்கான உரிமையாகக் கண்ட ஹன்னா அரெண்டின் சிந்தனையும் ஒருவகையில் இதற்கு அரண் செய்வதே.

ஆனால் இப்பங்கீடு செயற்படுவதற்கு ஒவ்வொரு நாட்டின் வாயிலும் அதன் மக்களுக்குத் திறந்திருத்தல் வேண்டும். 2020 மார்ச்சு 22 முதல் பன்னாட்டுப் பயணிகள் விமானம் எதுவும் இந்தியாவில் இறங்க அனுமதிக்கப்படவில்லை. இந்தியக் குடிமக்களுக்கும் அத்தடை பொருந்தியது. வெளிநாடுகளில் சிக்கிய இந்தியரை அழைத்துவரக் கோரிய மனுக்களை ஏப்ரல் 13 அன்று கேட்ட உச்ச நீதிமன்றம், அவரவர் இருக்குமிடத்திலேயே இருக்கலாம் என்னும் கருத்தைத் தெரிவித்து விசாரணையை நான்கு வாரங்களுக்குத் தள்ளிவைத்தது. மே 7 அன்றுதான் 'வந்தே பாரத்' திட்டத்தின் முதல் விமானங்கள் அபுதாபியிலிருந்து கொச்சிக்கும் துபாயிலிருந்து கோழிக்கோட்டுக்கும் வந்தன. மாலத்தீவிலிருந்து 698 பேரை ஏற்றிய கடற்படைக் கப்பல் ஜலாஷ்வா மே 10 அன்று கொச்சியை அடைந்தது. இடைப்பட்ட ஆறு வாரங்களுக்கு மேலாகத் தாய்நாடு தன் புலம்பெயர்ந்த மக்களிடம், நீர் வாழும் இடமே இப்போது உமக்குரிய இடம் என்றது. வாழும் நாடுகளோ, உமக்குரிய இடம் உம் தாய்நாடே என்றன. இவ்விரு கூற்றும் ஒருங்கே உண்மையாதல் இயலாது. இரண்டு அரசுகள் தம்முள் மாற்றிமாற்றிச் சுட்டும் ஒரு மனிதருக்கு, 'அவரவர்க்கென ஒரு நாடு' என்னும் வாதம் வெறும் சொல்லாகவே எஞ்சுகிறது.

இச்சிக்கலின் வேர் கோட்பாட்டிலேயே உள்ளது எனக் கருத இடமுண்டு. இம்மானுவேல் கான்ட் 1795இல் வெளியிட்ட 'நிலைத்த அமைதி' குறித்த நூலில் அயலானுக்குரிய உரிமையை வருகையுரிமை, விருந்துரிமை என இரண்டாகப் பகுத்தார். பூமி உருண்டையாதலின் மனிதர் முடிவின்றி விலகிச் செல்ல இயலாது. ஒருவரையொருவர் பொறுத்தே வாழவேண்டும். ஆகவே அமைதியாக வருபவனைப் பகைவனாக நடத்தலாகாது. ஆயினும் அவனுக்கு அழிவு நேராதெனின் திருப்பி அனுப்பலாம்; விருந்தாளியாகத் தங்கும் உரிமைக்குத் தனி உடன்பாடு வேண்டும். வருபவன், விருந்தாளி என்னும் இவ்விரு வகையிலும் அடங்காத மூன்றாமவர் ஒருவர் உண்டு. அவர் என்றோ வந்துவிட்டவர். குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்புபவர். தெருவின் குப்பை எடுக்கும் நாளை அறிந்தவர். 1908இல் அயலானைப் பற்றி எழுதிய சமூகவியலாளர் கியோர்க் சிம்மல், இன்று வந்து நாளை போகும் நாடோடியினின்றும் இவரை வேறுபடுத்தினார். இவர் வந்து தங்கிவிடுபவர். திருப்பி அனுப்புதல் என்னும் சொல்லே இவரிடத்துப் பொருளிழக்கிறது. வீட்டிலிருந்து புறப்பட்டு வீடு திரும்புபவரை எங்கே திருப்புவது?

பன்னாட்டுச் சட்டம் இம்மூன்றாமவரை ஓரளவு கண்டுகொண்டுள்ளது. 1966ஆம் ஆண்டின் குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆம் உறுப்பு, எவரும் 'தம் சொந்த நாட்டுக்குள்' நுழையும் உரிமையைத் தான்தோன்றித்தனமாக இழக்கச் செய்யப்படலாகாது என்கிறது. குடியுரிமை உள்ள நாடு என்று அது கூறவில்லை. இத்தொடர் குடியுரிமையினும் பரந்தது என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 1999இல் விளக்கியது. பிறந்த சில வாரங்களில் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவரப்பட்டு அங்கேயே வளர்ந்து, குடியுரிமை பெறாமையால் சுவீடனுக்கு நாடுகடத்தப்பட்ட ஒருவரின் முறையீட்டில், ஆஸ்திரேலியாவே அவருடைய சொந்த நாடு என்று 2011இல் அக்குழு கருத்துரைத்தது. மாறாக, வெளிநாட்டினருக்கு ஜப்பானுக்குள் மீண்டும் நுழையும் உரிமையை அரசியலமைப்பு உறுதி செய்யவில்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1992லேயே தீர்ப்பளித்திருந்தது. 2020இன் தடை வெற்றிடத்தில் தோன்றியதன்று.

வியப்புக்குரியது, எல்லைக்கு உள்ளே அதே அரசு நடந்துகொண்ட முறை. கொள்ளைநோய்க்கால உதவியாக ஆளுக்கு ஒரு லட்சம் யென் வழங்க ஜப்பான் முடிவு செய்தபோது, 2020 ஏப்ரல் 27 அன்று வதிவோர் பதிவேட்டில் பெயர் உள்ள அனைவரும் அதற்குரியர் ஆயினர். வெளிநாட்டினரும் அப்பதிவேட்டில் இருந்தனர், அவர்களும் பெற்றனர். 2021இல் தடுப்பூசியும் அவ்வாறே வழங்கப்பட்டது. உள்ளே பதிவேட்டின் கண்ணுக்கு அவர் வதிபவர். விமான நிலையத்தின் கண்ணுக்கு அயலவர். உள்ளே காட்டிய நோக்கே நோயின் இயல்புக்கு ஒத்தது. ஒரே தொடர்வண்டியில் ஒரே காற்றை உள்ளிழுப்போருள் ஒருவரை விடுத்து ஒருவரைக் காத்தல் இயலாது என்பதை அரசு உணர்ந்தே இருந்தது. அக்காற்றில் பங்குகொள்பவர் இரண்டு வாரம் வெளியூர் சென்றமையால் அப்பங்கை இழப்பார் என்பதற்கு எவ்வகை அறநியாயமும் புலப்படவில்லை.

வதிதல் உரிமையை மட்டும் தருவதன்று, கடமையையும் சுமத்துவது. அல்பெர் கமுவின் 'கொள்ளைநோய்' (1947) நாவலில் ஓரான் நகரில் அகப்பட்ட இதழாளர் ரம்பேர், தாம் இவ்வூரைச் சேர்ந்தவரல்லர் என்பதால் தம்மை வெளியேற விடவேண்டும் என்று வாதிடுகிறார். இனி அவரும் இவ்வூரார்தாம் என்பது மருத்துவர் ரியேயின் மறுமொழி. ரம்பேர் வந்து நெடுங்காலம் ஆகாதவர். வதிபவர் என்று கூறுதற்கும் இல்லை. ஆயினும் தப்பும் வழி கிடைத்தபோது அவர் தங்கிவிடுகிறார். தனித்து மகிழ்தல் அவருக்கு நாணத்தைத் தருகிறது. அயலாரிடம் இக்கடமையை எதிர்பார்க்கும் சமூகங்கள் பல. முகக்கவசம் அணிக, பயணத்தைத் தவிர்க்க, உள்ளூரார்போல் பொறுத்திருக்க என்று 2020இல் ஜப்பானிய அரசு அனைவரிடமும் வேண்டியது. அவ்வேண்டுகோள் கடவுச்சீட்டைப் பார்த்துச் செய்யப்படவில்லை. கடமையைச் சுமத்துங்கால் ஊரார், உரிமையைக் கேட்குங்கால் அயலார் என்னும் கணக்கு நேர்மையுடையதன்று.

வதிவோர் எல்லாரும் எப்போதும் உடனே நுழையலாம் என்பது இதன் பொருளன்று. தனிமைப்படுத்தும் அறைகளுக்கும் பரிசோதனைக்கும் எல்லை உண்டு, வரிசை தேவைப்படும். வரிசையை எதனடிப்படையில் அமைப்பது என்பது கடினமான வினா. நியூசிலாந்து வதிவோரையும் குடிமக்களையும் ஒரே தனிமைப்படுத்தல் ஏற்பாட்டுக்குள் கொண்டுவந்தது பாராட்டுக்குரியது. ஆனால் 2021 செப்டம்பர் முதல் அறைகளைக் குலுக்கல் முறையில் ஒதுக்கியது. தனிமனிதரின் தேவையைப் போதிய அளவு கருதாத அம்முறை சிலருடைய நாடுதிரும்பும் உரிமையை நியாயமின்றிக் கட்டுப்படுத்தியது என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2022 ஏப்ரலில் கூறியது. குலுக்கல் பாகுபாடற்றது, எனினும் இறக்கும் தாயையும் விடுமுறைப் பயணத்தையும் அது ஒன்றாக எண்ணுகிறது. வரிசைக்குத் தேவையை அளவுகோலாக்குவதே இவ்விரு நாட்டுப் பட்டறிவிலிருந்தும் பெறப்படும் வழி எனலாம். தேவையை அளத்தல் அதிகாரிக்கு மிகுந்த உழைப்பைத் தரும் என்பதும் உண்மையே.

ஜப்பான் 2020 செப்டம்பர் 1 முதல் வதிவோர் அனைவரும் உரிய நடைமுறைகளின்படி திரும்ப வழிவகுத்தது. தடை தொடங்கி ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. 2021 நவம்பர் இறுதியில் ஒமிக்ரான் வகைத் தொற்று பரவியபோது, அந்நாட்டுப் போக்குவரத்து அமைச்சகம் உள்வரும் விமானங்களில் புதிய முன்பதிவுகளை நிறுத்துமாறு விமான நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. இம்முறை வெளியிலிருந்த ஜப்பானியக் குடிமக்களும் அதனால் தடுக்கப்பட்டனர். எதிர்ப்பு எழுந்தது, டிசம்பர் 2 அன்று அவ்வேண்டுகோள் திரும்பப் பெறப்பட்டது. சில நாள்களே அது நிலைத்தது.