முடிப்பது யார்?

டி-ஷர்ட் போடுவதைச் சிறப்புக் கல்வி ஆசிரியர்கள் பல படிகளாகப் பிரித்து வைத்திருப்பார்கள். முன்பக்கம் எது என்று பார்ப்பது, தலையை நுழைப்பது, ஒரு கை, மறு கை, கடைசியில் நெஞ்சில் சுருண்டு நிற்கும் துணியைக் கீழே இழுத்துவிடுவது. ஆட்டிசமோ அறிவுசார் குறைபாடோ உள்ள பிள்ளைக்கு இதைச் சொல்லித்தர நாம் இயல்பாக முதல் படியில்தான் ஆரம்பிப்போம். ஆசிரியர்கள் பல சமயம் கடைசியில் ஆரம்பிக்கிறார்கள். மற்றதையெல்லாம் அம்மா செய்துவிட, அந்தக் கடைசி இழுப்பு மட்டும் பிள்ளைக்கு. அது கைவந்ததும் அதற்கு முந்தைய படி. பேக்வேர்ட் செயினிங் என்பார்கள்.

முதலிலிருந்து கற்கும் பிள்ளை பாதியில் திணறலாம்; யாரோ வந்து முடித்துவைப்பார்கள். தொடங்குவது மட்டுமே தன் வேலை, முடிப்பது மற்றவர்கள் வேலை என்பதையும் அது சேர்த்தே கற்றுக்கொள்ளக்கூடும். கடைசியிலிருந்து கற்கும் பிள்ளையோ முதல் நாளே தானே முடித்துவிட்டு நிற்கிறது.

வாசலில் பள்ளி வேன் ஹாரன் அடிக்கும்போது இதெல்லாம் நடக்காதுதான். பொறுமை என்று நாம் புகழ்வது பெரும்பாலும் ஓர் அம்மாவின் நேரம். அதை அவளிடமே கேட்டுக்கொண்டிருப்பதும் நியாயமில்லை. ஞாயிற்றுக்கிழமை, ஒரே ஒரு சட்டை போதும்.

ஆனால் அவசரம் இல்லாத இடத்திலும் நாம் முந்திக்கொள்கிறோம். முப்பது வயது மகன் எதிரே உட்கார்ந்திருக்க, "அவனுக்கு என்ன பண்ணுது?" என்று டாக்டர் அம்மாவைக் கேட்கிறார். மகனையே கேட்டாலும், கேள்வி உள்ளே போய்ப் பதிலாகத் திரும்பிவரச் சிலருக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும். அதற்குள் அப்பா பதில் சொல்லி, டாக்டர் மருந்துச்சீட்டும் எழுதியிருப்பார். யாரும் கெட்டவர்கள் இல்லை. அவன் வாயில் உருவாகிக்கொண்டிருந்த பதில் மட்டும் வீணாய்ப் போனது.

அவர்களுக்காக நாம் முடிவெடுப்பதா, அவர்களையே எடுக்க விடுவதா என்ற இழுபறி சட்டத்திலும் உண்டு. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம், ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு போன்றவை உள்ள பெரியவர்களுக்குப் பாதுகாவலரை நியமிக்க வழிசெய்தது. "எங்களுக்கு அப்புறம் இவனுக்கு யாரு?" என்று தூக்கமில்லாமல் கிடந்த பெற்றோருக்கு அது பெரிய ஆறுதல். 2006இல் வந்த, மாற்றுத்திறனாளிகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை வேறொன்றைச் சொன்னது: அவர்களும் சட்டத்தின் முன் முழு மனிதர்கள், முடிவெடுக்க அவர்களுக்குத் துணை கொடுங்கள். இந்தியா அதை 2007இல் ஏற்றது. 2016ஆம் ஆண்டின் சட்டம், பாதுகாவலரும் மாற்றுத்திறனாளியும் கலந்து முடிவெடுக்கும் வரையறுக்கப்பட்ட பாதுகாவலைக் கொண்டுவந்தது. இரண்டு சட்டங்களும் இன்றும் நடப்பில் இருக்கின்றன.

குளிக்க, உண்ண, வெளியே போக ஆயுள் முழுக்க ஆள் துணை வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் சுதந்திரமாக வாழ முடியும். எவ்வளவு உதவி செய்கிறோம் என்பதைவிட, கடைசி வார்த்தை யாருடையது என்பதில்தான் சுதந்திரம் இருக்கிறது. பேச்சே வராதவர்கூடச் சாம்பாரா ரசமா என்பதைப் பார்வையால் சொல்லிவிடுவார், காட்டிக் கேட்டால்.

அந்தக் கடைசி வார்த்தை தப்பாகவும் போகலாம். இரண்டு வாட்ச் இருக்கும்போதே ஒருவர் தன் பணத்தில் மூன்றாவதை வாங்கி வந்து நிற்பார். அதையே அவருடைய அண்ணன் செய்தால் வீட்டில் ஒரு நாள் முணுமுணுப்போடு போகும். இவர் செய்தால் அன்றைக்கே பர்ஸைப் பிடுங்கிவிடுகிறோம்.